பலாக் கட்டை

எனக்கு உருப்படியாக வந்த காரியம் உலகத்தில் ஒன்றுதான். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டத்தின் நடுவில் சின்னஞ்சிறு தோட்டாவை இறக்குவது. மற்றபடி படிப்பில் சுமார், சமையலில் சுமார், மனிதர்களோடு பேசிப் பழகுவதில் சுமாருக்கும் கீழே. "படுத்துக்கிட்டே வெளையாடுற வெளையாட்டு ஒண்ணு இருக்குன்னா, அது உனக்குன்னே கண்டுபுடிச்சதுதான்" என்று அம்மா கேலி செய்வார். நான் முதல் பதக்கம் வாங்கிய அன்று அதைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தவரும் அவர்தான்.

வீடு பாயா ரும்புட்டில். சுடும் மன்றம் ஆலோர் காஜா பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே. ரைபிள் மன்றத்துடையது. சுட்டு முடித்ததும் துடைத்து, மன்றத்தின் ஆயுத அறையில் கொடுத்துவிட வேண்டும். பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் பேச்சே கிடையாது, சட்டம் அப்படி.

மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அந்த வருடக் கடைசியில் இருந்தது. எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பேன். பெரியவர்கள் அணி என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அதில் இடம் பிடித்தவர்கள் சாகும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். படுத்தேதான் இருப்பார்கள். ஆகவே எனக்கு இது, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. காலையில் பல் மருத்துவமனை முகப்பில் உட்கார்ந்து "பெயர் சொல்லுங்க, ஐசி குடுங்க" என்று அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு விஷயத்தில் நானும் முதல் தரம் என்று காட்ட வேறு வழி தெரியவில்லை.

தேர்வுக்குச் சில மாதங்கள் இருந்தபோது ரைபிளின் பழைய கட்டை கைப்பிடி ஓரமாக விரிசல் விட்டது. துப்பாக்கியில் சுடுவது இரும்பு, அந்த இரும்பைத் தாங்குவது கட்டை. தோளில் முட்டுவதும் கன்னம் சாய்வதும் கை பிடிப்பதும் எல்லாம் கட்டையில்தான். அது அசைந்தால் இரும்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. மன்றத்தில் வேறு கட்டை கிடையாது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தேர்வு முடிந்த பிறகுதான் வரும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"கட்டைதான? செஞ்சிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

அப்பா லோரி மெக்கானிக். உலகத்தில் ஸ்பானாவுக்கு மசியாத விஷயம் ஒன்று இருக்கிறது என்பதை அவர் அதுவரை ஒப்புக்கொண்டதில்லை. சுங்கை ரம்பாயில் மரச்சாமான் செய்யும் ஒருவரின் லோரியை அவர் வெகுநாளாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் விட்ட கட்டையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அந்த ஆள் பட்டறையின் மூலையிலிருந்து ஒரு பலாப் பலகையை இழுத்துப் போட்டு, "மிருதங்கமே இதுல செய்றாங்க அண்ணே, இந்தச் சின்னத் துப்பாக்கிக்கு ஆகாதா லா" என்றார். நன்றாகக் காய்ந்த மரம். இழைக்க இழைக்க மஞ்சளாக வந்தது. பழையதை அச்சாக வைத்து, இரும்பு உட்காரும் பள்ளம் வரை அப்படியே செதுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேராக மன்றத்துக்கே கொண்டுபோனோம். அப்பா இரும்பின் அடியில் நீலச் சாயம் தடவி, கட்டையில் வைத்து எடுத்து, சாயம் ஒட்டிய மேடு எது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டினார். எஞ்சின் வேலையில் அவர் தினமும் செய்வது அது. பள்ளம் முழுக்க ஒரே சீராக நீலம் ஒட்டியதும் திருப்தியாகத் தலையை ஆட்டி, சாயத்தைத் துடைத்து, இரண்டு திருகையும் முடுக்கினார். நான் படுத்துச் சுட்டேன். ஒரு சுற்றில் சுட்ட அத்தனை ஓட்டைகளையும் ஐந்து சென் நாணயத்தால் மூடிவிடலாம் போலிருந்தது. அப்படி ஒரு குரூப்பை நான் அதற்கு முன் சுட்டதில்லை. எங்கள் பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர், நாங்கள் எல்லோரும் சிக்கு, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்து பாராட்டினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். அவரே இலக்கு அட்டையைத் தூக்கிப் பார்த்து "பாகுஸ்" என்றார்.

பூச்சு இல்லாமல் விட்டால் ஈரம் இழுக்கும், வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று அப்பா இரும்பை மன்றத்தில் விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெறும் மரம்தானே, அதற்குத் தடை இல்லை.

வீட்டில் அம்மாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. "கட்டையை எங்க வச்சே, கட்டை காஞ்சிடுச்சான்னு வீட்டுல பேசிக்கிட்டு இருக்கீங்களே, என்ன வார்த்தை அது? கட்டையில போறதுன்னா என்னான்னு தெரியாதா?" என்று அப்பாவைக் கடிந்துகொண்டார். "பின்ன என்னான்னு சொல்றது?" என்று அப்பா கேட்க, சற்று யோசித்து, "ஆயுதம்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆயுதம். அதற்குத் தோதாக அந்த வாரமே ஆயுத பூசையும் வந்தது.

அப்பாவின் ஸ்பானா பெட்டி, ஜாக்கி, வேன் சாவி, அம்மாவின் தையல் இயந்திரம், என் மடிக்கணினி எல்லாம் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. வார்னிஷ் காய்ந்த கட்டையும் அதில் ஒன்று. "அம்மா, இதுக்கு மட்டும் பொட்டு வேணாம். அங்க பல பேரு வருவாங்க, சிக்கு எண்ணெயத் தவிர எதையும் மேல பட விடமாட்டாரு" என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அம்மா முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் "சரிடி" என்றார். பூசை முடிந்ததும் நான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜாக்கிக்குக்கூட சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தது. கட்டையின் மேல் ஒரு பொட்டும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டாரே என்று எனக்கு நிம்மதி.

அடுத்த சனிக்கிழமை மாட்டிச் சுட்டபோது குரூப் சிதறியது. ஒன்று நடுவில், ஒன்று மேலே, மூன்று இடப்பக்கம், பிறகு மறுபடி நடுவில். ஒரே பக்கமாக விலகினால் கவலை இல்லை, குறி பார்க்கும் காட்சித் துளையை இரண்டு சொடுக்குத் திருப்பினால் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. எங்கே போகிறது என்று அதற்கே தெரியாத மாதிரி போனது.

அப்பா உற்சாகமாகிவிட்டார். பழுது என்று ஒன்று வந்தால் அவருக்குப் பசி எடுக்கும். "என்ன மாத்துனோம்? வார்னிஷ் அடிச்சோம். அப்ப அதுதான்" என்றார். வார்னிஷ் பள்ளத்தில் தடித்துவிட்டது, இரும்பு சரியாக உட்காரவில்லை என்று கணக்குப் போட்டு, மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்கத் தேய்த்து எடுத்தார். தேய்த்த தூள் வாசல் முழுக்க மஞ்சளாகப் பறந்தது. அந்த வாரமும் சிதறியது.

குழல் மரத்தைத் தொடுகிறதோ என்று ஒரு ரிங்கிட் நோட்டை இரண்டுக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்த்தார். நோட்டு முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வந்தது. தோட்டாவை மாற்றிப் பார்த்தோம். காட்சித் துளையின் திருகுகளைக் கழற்றி மாட்டினோம். மன்றத்தில் இன்னொரு பெண்ணிடம் கொடுத்துச் சுடச் சொன்னோம். அவளுக்கும் சிதறியது. எனக்கு உயிர் வந்தது, பார்த்தீர்களா, தப்பு என்னிடம் இல்லை என்று சிக்குவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசராமல், அவளுக்கு அந்தக் கட்டை பழக்கமில்லை, உனக்குத்தான் ஹாத்தி சரியில்லை என்றார். ஹாத்தி என்றால் மனசு. மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்தத் திருகை முடுக்குவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடிவு வந்தது. அப்பா மன்றத்திலேயே வைத்து இரும்பைக் கழற்றி, பள்ளத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைத் துணியால் துடைத்து, "மரம் இன்னும் உதிருது பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப முடுக்கினார். மீண்டும் அந்த ஐந்து சென் குரூப். நான் பாயிலிருந்து எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருகு முடுக்கிய அளவில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் அந்த நிமிடமே முடிவு கட்டினார். முறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானா ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். துடைத்த துணியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வெற்றி வந்த வேகத்தில், கன்னம் சாயும் இடத்தை இன்னும் கொஞ்சம் இழைத்துக் கொடுங்கள் என்று நானே கேட்டேன். கட்டை வீட்டுக்கு வந்தது. திரும்பப் போய் அதே அளவுக்கு அதே முறுக்கத்தில் மாட்டினோம். சிதறியது.

அப்போதுதான் அப்பாவின் முகத்தில் நான் முதல் தடவையாகக் குழப்பத்தைப் பார்த்தேன். ஒரு லோரி வழியில் நின்றுவிட்டால் அதைத் திட்டுவார், உதைப்பார், கடைசியில் ஓட வைப்பார். இதைத் திட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலே கெடுகிறது, ஆகவே வேனின் சூட்டில் மரம் வளைகிறது என்று ஒரு புது யோசனை சொன்னார். அதிலிருந்து கட்டை போர்வை சுற்றி, ஏர்கோன் காற்று நேராகப் படும்படி, பின் இருக்கையில் பெல்ட் போட்டுப் பயணம் செய்தது. வேனில் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

பள்ளத்தில் மறுபடி நீலம் வைத்துப் பார்க்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அதத்தான் மொத நாளே பாத்தாச்சே. அது சரியா இருக்கு லா" என்றார். சரி என்று ஒருமுறை முடிவு கட்டிய இடத்தை மனிதர்கள் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

இதற்கிடையில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டார். எனக்காகத்தான் என்று தெரியும். எனக்கு எரிச்சலாக வந்தது. "சாப்டாம இருந்தா தோட்டா நேரா போயிடுமா?" என்று கேட்டுவிட்டேன். "உனக்கு வேண்டியத நீ செய்யி, எனக்குத் தெரிஞ்சத நான் செய்றேன்" என்றார், கோபமே இல்லாமல். பிறகு, "அந்த ஆயுதத்த எப்ப வீட்டுக்குக் கொண்டாருவீங்க?" என்று கேட்டார். பள்ளத்தை விட்டு வெளிப்பக்கம் மட்டும் மறுபடி வார்னிஷ் அடிப்பது கடைசியாகப் பாக்கி இருந்தது. தேர்வுக்கு முந்திய வாரம் அப்பா கொண்டுவந்தார்.

தேர்வு நாளன்று வானம் மூடி, காற்று இல்லாமல், சுடுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. முதல் சில தோட்டாக்கள் நடுவில் விழுந்தன. எனக்குள் மெல்ல ஒரு தைரியம் ஊறியது. அதற்குப் பிறகு ஒன்று மேலே போனது. மூச்சுதான் பிசகிவிட்டது என்று நினைத்து, கண்ணை மூடித் திறந்து, மறுபடி சுட்டேன். இடப்பக்கம். காட்சித் துளையைத் திருத்தினேன். அடுத்தது எதிர்ப்பக்கம். திருத்தியதைத் திரும்பத் திருத்தினேன். பக்கத்துப் பாயில் இருந்தவளின் தோட்டாச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒவ்வொன்றுக்கும் அதிக நேரம் பிடித்தது. கடைசியில் நேரம் போதாமல் அவசர அவசரமாகச் சுட்டு முடித்தேன். பலகையில் பெயர்களை ஒட்டியபோது மேலிருந்து தேடத் தொடங்கினேன், பிறகு கீழிருந்து தேடினேன். முதலிலேயே கீழிருந்து தேடியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

அப்பா பாயைச் சுருட்டிக் கட்டினார். சிக்கு வந்து தோளைத் தட்டி, ஹாத்தி என்று மறுபடி ஆரம்பித்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு இருந்த ஒரே ஒரு திறமையும் பொய் என்று அன்று நம்பிவிட்டேன். அதைவிட மோசமான ஒரு நாள் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அது அடுத்த வாரமே வந்தது. ரைபிளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறார்கள், யாரோ நன்கொடையாகக் கொடுத்த அலுமினியக் கட்டை வந்துவிட்டது, உங்கள் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று மன்றத்தில் இருந்து செய்தி வந்தது. வயது தாண்டப்போகிறவளிடம் இளையோர் ரைபிள் எதற்கு? நியாயம்தான். அப்பா வேனை நிறுத்தப் போன நேரத்தில், நானே மேசையில் வைத்து இரண்டு திருகையும் கழற்றினேன். அத்தனை மாதத்தில் நான் என் கையால் கழற்றியது அதுதான் முதல் தடவை. எப்போதும் அப்பாதான் செய்வார்.

இரும்பைத் தூக்கினேன். பள்ளத்தின் முன்பக்கம், இரும்பின் பாரம் முழுக்க வந்து உட்காரும் இடத்தில், மரத்தோடு மரமாக ஒரு மஞ்சள் திட்டு. பாதி நொறுங்கி, பாதி கெட்டியாக. பலாவின் நிறத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. நகத்தால் நெருடினேன். பிளாஸ்டர் காய்ந்த மாதிரி கடினமாக இருந்தது. ஒரு ஓரம் மட்டும் நொறுங்காமல் இருந்தது, அதில் ஒரு விரல் ரேகை படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய் வாடைக்கும் வார்னிஷ் வாடைக்கும் அடியில் எங்கள் வீட்டு சாமி மேடையின் வாசம் அடித்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒவ்வொரு வாரமாகத் திரும்பி வந்தது. கட்டை வீட்டுக்குப் போன வாரமெல்லாம் கெட்டது. வீட்டுக்குப் போகாமல் துடைத்து மாட்டிய அந்த ஒரு ஞாயிறு மட்டும் பிழைத்தது. நான் தோற்கத் தோற்க அப்பா பழுது பார்க்கக் கொண்டுவந்தார். கொண்டுவரக் கொண்டுவர அம்மா சந்தனம் வைத்தார். சந்தனம் காய்ந்து, இரும்பின் கீழே மேடாகி, சுடும் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் இரும்பை வேறு வேறு விதமாக உட்கார வைத்திருக்கிறது. பழுது பார்த்ததுதான் பழுது.

ஈரத் துணியால் துடைத்தேன். ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்தேன். கடைசியாக ஒரு சுற்றுச் சுட்டுக்கொள்ளட்டுமா என்று சிக்குவிடம் கேட்டேன். என்மேல் பரிதாபப்பட்டு ஒத்துக்கொண்டார். அளந்து முடுக்கி, பாயை விரித்துப் படுத்தேன். கண் கலங்கியிருந்தது, ஹாத்தி படுமோசமாக இருந்தது. அந்த நிலைமையிலும் எல்லாத் தோட்டாக்களும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. சிக்கு அட்டையை நெடுநேரம் பார்த்தார். போன வாரம் இப்படிச் சுட்டிருக்கலாமே என்று மலாயில் முணுமுணுத்தார். ஆமாம் என்றேன். அந்த அட்டையை வாங்கி நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அப்பாவிடம் வேனில் சொன்னேன். அவர் பாயா ரும்புட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக ஓட்டி, கோலா சுங்கை பாருவில் கடற்கரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் இறங்கவில்லை. மீன் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கட்டை எப்போதும்போல் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அன்னைக்கு நான்தான் தொடச்சேன். மரத்தூளுன்னு நெனச்சேன். மோந்து பாத்திருக்கலாம்" என்றார் அப்பா.

"விடுங்கப்பா."

"அம்மாகிட்ட சொல்லாத பாப்பா. தாங்காது."

சரி என்றேன். எனக்கு அம்மாமேல் கோபம் இருந்ததா என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனே, அதைக் கேட்டால் என்ன என்று அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லை. சாப்பிடாமல் இருந்து, வேண்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் எனக்காக ஒருத்தி செய்த காரியம் அது. அவரைத் தவிர வேறு யார் செய்திருந்தாலும் கத்தித் தீர்த்திருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பா தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டையைக் கூடத்து மேசையில் வைத்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிக் கொடுத்தார்.

"திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"ஆமாம்மா. இனிமே நமக்குத்தான்."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத" என்றார். "நீ பொட்டு வைக்கக் கூடாதுன்னு சொன்னியேன்னு வெளிய வைக்கல. ஆனா மனசு கேக்கல. ஒவ்வொரு தடவ வந்தப்பவும் உள்ளாற, அந்த இரும்பு வந்து ஒக்கார்ற எடத்துல, மடியில வச்ச மாதிரி ஒரு பொட்டு வச்சுதான் அனுப்புனேன். குங்குமம் தெரிஞ்சிடும்னு சந்தனத்தோட நிறுத்திக்கிட்டேன். கடைசித் தடவ நல்லா பெருசாவே வச்சேன்."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

"அப்படி வேண்டியும் அந்த ஆத்தாளுக்குக் கண்ணு தெறக்கல" என்றார் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் ஒளிச்சு வச்சதுதான் தப்பாப் போச்சோ? சாமிய வெளிய காட்ட வெக்கப்பட்டுட்டோம்னு கோவிச்சுக்கிட்டாளோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் எதுனாலதாண்டி போச்சு?"

அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே பதில் தெரிந்த இரண்டு பேர் அந்தக் கூடத்தில் இருந்தோம். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹாத்தி சரியில்லம்மா, எனக்குத்தான் மனசு சரியில்ல" என்றேன். சிக்கு சொன்னபோது அவ்வளவு ஆத்திரப்பட்ட சொல்லை நானே எடுத்து என்மேல் போட்டுக்கொண்டேன். அம்மா அதை நம்பினார். என் தலையைத் தடவி, "பயந்த புள்ள நீ, சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்றார். நான் பயந்த பிள்ளை இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் நான் அப்படித்தான்.

சமையலறைக்குப் போகத் திரும்பியவரைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இப்ப வைங்க. சந்தனம், குங்குமம் ரெண்டும். வெளியிலயே வைங்க."

"அங்க யாராச்சும் பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"இது இனிமே எங்கயும் போகாதும்மா."

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்து, கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இடம் தேடினார். கடைசியில் என் கன்னம் சாயும் இடத்தில் பெரிதாக ஒன்று வைத்தார்.